ஏடு தில்லியில், பள்ளம் மேல்விஷாரத்தில்!



ஞாயிற்றுக்கிழமை ஏட்டை விரித்ததும் மாநில உரிமை பற்றியோ, மொழி பற்றியோ, நிதிப் பங்கீடு பற்றியோ சூடாக ஏதேனும் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இவனோ தாரையும் ஜல்லியையும் தலையில் சுமந்துகொண்டு வந்து நிற்கிறானே என்று எண்ண வேண்டாம். நான் பேச வந்திருப்பது அதே உரிமையைப் பற்றித்தான். மன்றத்திலே தீர்மானமாக நிறைவேறுகிற உரிமை, மண்ணிலே எத்தனை அங்குல ஜல்லியாக இறங்குகிறது என்பதை இன்று பார்ப்போம்.

மேல்விஷாரத்தை அறியாதார் நம்மில் யார்? ஆர்க்காட்டைக் கடந்து வேலூர் நோக்கிச் செல்கையில், பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். பச்சைத் தோலைப் பதனிட்டுக் கடல் கடந்த சந்தைகளுக்கு அனுப்பும் ஊர். 1965இல் தோன்றிய அப்துல் ஹக்கீம் கல்லூரியால் எத்தனையோ எளிய குடும்பங்களில் முதல் பட்டதாரியை உண்டாக்கிய ஊர். ராணிப்பேட்டை தொடங்கிப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் அதுவும் ஒரு மணி. முன்பு வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் முதல் ராணிப்பேட்டை மாவட்டம். சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. அதற்கு முன்பு 46 என்று எண், இப்போது 48. எண் இரண்டு கூடிற்று. லாரியின் பாரம் எவ்வளவு கூடிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே வாருங்கள். இந்த வட்டாரத்து டேனரிச் சாலைகளில் எதையேனும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட தோல் கட்டுகளைச் சுமந்து லாரி வருகிறது. சுண்ணாம்பு வருகிறது, குரோமிய உப்பு வருகிறது, பதனிட்ட ஈரத்தோல் போகிறது, சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவு போகிறது. விடியற்காலையில் ஷூ கம்பெனிக்குச் செல்லும் பெண்களை நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு வேன்கள் போகின்றன. ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்துவிட்டால் இத்தகைய சாலை என்ன கோலம் கொள்ளும் என்பதை நான் வருணிக்க வேண்டுமா? உங்கள் ஊரிலும் கண்டிருப்பீர்கள்.

பள்ளத்திலே விழுந்தவர் ஒப்பந்தக்காரரைத் திட்டுகிறார். பிறகு கவுன்சிலரைத் திட்டுகிறார். அந்த வழியாக நம் கொடி கட்டிய வண்டி போனால் நம்மையும் சேர்த்துத் திட்டுகிறார். திட்டப்பட வேண்டியவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை எவரும் எழுப்பக் காணோம். இந்தச் சாலைக்கு இவ்வளவு கனம் போதும் என்று முடிவு கட்டியவர் யார்? எந்த மண்ணைத் தொட்டுப் பார்த்து? எந்த லாரியை எடை போட்டு?

விடை ஓர் ஏட்டில் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரசு வெளியிட்ட 37ஆம் எண் ஏடு. காங்கிரசு என்றதும் பழைய மேடை நினைவு வந்து முகம் சுளிப்பார் சிலர். இது கட்சியன்று, பொறியாளர்களின் பேரவை. வெள்ளையர் ஆட்சியில் 1934 டிசம்பரில் பிறந்தது. தார்ச்சாலைக்கு எத்தனை அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு கனம் என்று கூறும் இந்த ஏடு 1970இல் முதலில் வந்தது; 1984, 2001, 2012, 2018 என்று திருத்தம் பெற்றது. சிற்றூர்ச் சாலைகளுக்குத் தனி ஏடு உண்டு. மைய அரசின் பணத்தில் போடப்படும் சாலை எதுவாயினும் இந்த ஏடுகளின் வழியேதான் மதிப்பீடு எழுத வேண்டும்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடைக்கு வந்தவன் நான். ஆயினும் எழுத்தெண்ணிப் படித்தால் விளங்காத ஏடு உண்டா? படித்தேன். படித்தபின் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை.

அந்த ஏட்டின் அடிப்படைக் கேள்வி ஒன்றே. உன் ஊர் மண் எவ்வளவு தாங்கும்? அதை அளக்க ஒரு சோதனை உண்டு. சாலை போடும் இடத்து மண்ணை எடுத்து, ஓர் இரும்புக் குவளையில் இடித்து இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஓர் இரும்புத் தண்டை அதற்குள் அழுத்துவார்கள். எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல உடைகல்லின் எதிர்ப்பை 100 என்று வைத்து, நம் மண்ணுக்கு இத்தனை விழுக்காடு என்று மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் பிறந்த சோதனை. ஆதலால் கலிபோர்னியா தாங்கு விகிதம் என்று பெயர். கலிபோர்னியாவில் பிறந்ததற்காக அதைத் தள்ளிவிடச் சொல்பவன் அல்லன் நான். அறிவு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கொள்வோம். அளக்கும் கோல் அயலூரிலிருந்து வரலாம். அளக்கப்படும் மண் நம்முடையதாக இருந்தால் போதும்.

அந்த மதிப்பெண் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது தெரியுமா? 2001ஆம் ஆண்டுப் பதிப்பின் பட்டியலைப் பாருங்கள். ஒரே அளவு போக்குவரத்து. தன் வாழ்நாளில் ஒரு கோடி நிலையான அச்சுகளைத் தாங்க வேண்டிய சாலை. மண்ணின் எண் 10 என்றால் மொத்தக் கனம் 540 மில்லிமீட்டர். மண்ணின் எண் 2 என்றால் 850 மில்லிமீட்டர். வேறுபாடு ஏறத்தாழ ஓர் அடி! ஒரே லாரி, ஒரே ஊர். ஒரு தெருவில் செம்மண், அடுத்த தெருவில் களிமண். ஓர் அடி ஜல்லி கூடவோ குறையவோ வேண்டும் என்கிறது தில்லியின் ஏடே. பிறகு நம் ஊரில் மட்டும் எப்படி ஒரே மதிப்பீடு நகல் எடுக்கப்பட்டு, தெருவின் பெயர் மட்டும் மாற்றப்பட்டு, மேசைக்கு மேசை நகர்கிறது?

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஏடு அளக்கச் சொல்கிறது. அளக்காமலே ஏட்டைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அளந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குரிய பணத்தைத் தர மறுக்கிறவர்கள் அவர்களுக்கு மேலே இருக்கிறார்கள்.

தில்லியின் மீது எனக்கு வழக்கு இல்லை என்று இதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். இருக்கிறது. மண்ணைப் பற்றிக் கேட்ட அந்த ஏடு, லாரியைப் பற்றிக் கேட்கும்போது எப்படிக் கேட்கிறது பாருங்கள். சிறு திட்டங்களில், அச்சுப் பாரத்தைக் கணக்கெடுக்க வழியில்லாத இடத்தில், எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள ஒரு பட்டியல் தந்திருக்கிறது. ஒரு லாரி சாலைக்குச் செய்யும் சேதம் எவ்வளவு என்ற எண் அதில் இருக்கிறது. இமயம் முதல் குமரி வரை பரந்த இந்த நாட்டை அந்தப் பட்டியல் எத்தனை வகையாகப் பிரிக்கிறது? இரண்டே வகை. சமவெளி, மலை! தீர்ந்தது.

நாடகக்காரன் அல்லவா, எனக்கு அது ஒரு காட்சியாகவே தோன்றுகிறது. மேடையிலே தில்லியிலிருந்து வந்த அதிகாரி. எதிரே மேல்விஷாரத்து லாரிக்காரர், வயது முதிர்ந்த ஒரு பாய்.

அதிகாரி: பெரியவரே, உங்கள் ஊர் சமவெளியா, மலையா?

பாய்: மலை தூரத்திலே தெரிகிறது ஐயா. ஊர் சமவெளிதான்.

அதிகாரி: நல்லது. இந்தச் சாலையில் நாளொன்றுக்கு எத்தனை லாரி ஓடும்?

பாய்: முந்நூறுக்குக் குறையாது.

அதிகாரி: (ஏட்டைப் புரட்டி) சமவெளி, முந்நூறு. மூன்றரை!

பாய்: மூன்றரை என்றால் என்ன ஐயா? விலையா?

அதிகாரி: உங்கள் லாரி ஒவ்வொன்றும் ஒரு முறை போனால் சாலைக்கு நேரும் சேதம்.

பாய்: என் வண்டியை எடை மேடையில் ஏற்றவே இல்லையே!

அதிகாரி: ஏட்டில் இருக்கிறது, பெரியவரே.

பாய்: ஏட்டிலே இருக்கிற லாரியில் என்ன சரக்கு ஏற்றியிருந்தார்கள் ஐயா? பஞ்சா, ஈரத்தோலா?

திரை.

சிரிக்கிறீர்கள். காட்சி கற்பனை, அந்த மூன்றரை கற்பனையன்று. 2001 பதிப்பில், நாளொன்றுக்கு 150 முதல் 1500 வரை லாரிகள் ஓடும் சமவெளிச் சாலைக்கு அந்த எண்தான். 2018 பதிப்பில் அது 3.9 ஆயிற்று. திருத்தினார்கள், உண்மை. ஆனால் தென்னந்தோப்புச் சாலைக்கும் டேனரிச் சாலைக்கும் இன்னும் அதே ஒரு வரிசைதான். அச்சுப் பாரத்தைக் கணக்கெடுத்தால் இந்தப் பட்டியலே தேவையில்லை என்று ஏடு சொல்லத்தான் செய்கிறது. ஆனால் கணக்கெடுப்பதற்கு வழியில்லை என்று எழுதிவிடுவது கணக்கெடுப்பதைக் காட்டிலும் எளிதல்லவா?

அச்சுப் பாரம் என்றேன். அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரருகே 1958 முதல் 1960 வரை சாலைகள் போட்டு, லாரிகளை இரவும் பகலும் சுற்றி ஓட்டி ஒரு சோதனை செய்தார்கள். பாரம் இரு மடங்கானால் சேதம் இரு மடங்கு அன்று, ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று அதிலே தெரிந்தது. நான்காம் அடுக்குக் கணக்கு. நம் நாட்டு ஏடும் அதைத்தான் கொள்கிறது. 8.16 டன் அச்சு ஒன்று கடந்தால் ஒரு சேதம். 10.2 டன் அச்சு கடந்தால் 2.44 சேதம்.

2018 ஜூலையில் என்ன நடந்தது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 58ஆம் பிரிவைக் கொண்டு தில்லி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நான்கு சக்கரம் பூட்டிய ஒற்றை அச்சு அதுவரை 10.2 டன் சுமக்கலாம், இனி 11.5 டன் சுமக்கலாம். சரக்குக் கட்டணம் குறையும், வாணிபம் பெருகும் என்றார்கள். இருக்கலாம். கணக்கைப் போடுங்கள். 11.5 டன் அச்சின் சேதம் 3.94. அதாவது முழுச் சுமையோடு போகும் அதே அச்சு, அதே சாலையை முன்னைக் காட்டிலும் 1.6 மடங்கு சேதப்படுத்தலாம் என்பதற்குச் சட்டப்படி ஒப்புதல்! அறிவிக்கை வந்த இரவில் மாநிலச் சாலைகள் எல்லாம் தாமாகவே இரண்டங்குலம் தடித்துவிட்டனவா? நெடுஞ்சாலை தில்லியுடையது, ஆனால் லாரி நெடுஞ்சாலையிலேயே வாழ்வதில்லையே! தோல் ஏற்றவும் இறக்கவும் அது நகராட்சிச் சாலைக்குள் வந்துதானே ஆக வேண்டும்? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை மையப் பட்டியலில் 23ஆம் இனம்; ஏனைய சாலைகள் மாநிலப் பட்டியலில் 13ஆம் இனம். பாரத்தைக் கூட்டும் பேனா ஒருவர் கையில். பள்ளத்தை அடைக்கும் சட்டி இன்னொருவர் கையில்.

பணத்துக்கு வருவோம். வெள்ளையன் காலத்து ஏற்பாட்டைப் புகழ எனக்கு ஆசையில்லை. ஆயினும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929இல் மையச் சாலை நிதி பிறந்தது. பெட்ரோல் காலனுக்கு இரண்டணா. அதிலே ஒரு பகுதியை மையம் வைத்துக்கொண்டு, மீதியை, எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவாயிற்றோ அந்தக் கணக்குப்படி பகிர்ந்து தந்தது. இன்று நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் டீசலிலும் சாலைக்கென்று மேல்வரி இருக்கிறது. மேல்வரி என்பதால் அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவு அதைப் பங்கீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. மாநிலங்களுக்கு அதிலிருந்து ஏதும் வராமல் இல்லை. வருவது தில்லியின் ஒப்புதல் முத்திரை குத்தப்பட்ட திட்டத்துக்கு வருகிறது. எங்கள் மண் மோசம், ஆறங்குலம் கூட வேண்டும் என்று மேல்விஷாரம் சொன்னால், அந்த ஆறங்குலத்துக்கு யார் பணம் தருவது? உரிமைப் பேச்சின் உயிர்நாடி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

இனி அந்த மண்ணைப் பற்றி. தோல் வட்டாரத்து மண் பிற இடத்து மண்ணைப் போன்றதன்று. பச்சைத் தோலைக் காக்க உப்பு. மயிர் நீக்கச் சுண்ணாம்பு. பதனிடக் குரோமிய சல்பேட்டு. பல்லாண்டுக் காலம் இவை எங்கே போயின? 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் வழங்கிய தீர்ப்பைப் படியுங்கள். இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போயிற்று என்று அதிலே பதிவாகியிருக்கிறது. நெல்லும் கரும்பும் அந்த மண்ணின் நோயைத் தம் வாடலால் சொல்லிவிட்டன. ஆனால் அந்த மண்ணின் மேல்தானே சாலையும் போடுகிறோம்? சாலைக்கு வாயில்லை; அது வெடிப்பால் பேசுகிறது.

உப்பு மண்ணில் இருக்கும் நீர் மேலே ஏறும். மெல்லிய தார்ப் படலத்தின் அடியில் வந்து ஆவியாகும். உப்பு அங்கே படிகமாகித் தாரைக் கொப்புளமாகத் தூக்கும். அதன்மேல் சக்கரம் ஏறினால் தார் பெயரும். இன்னொன்றும் உண்டு. கல் தட்டுப்பாடு காரணமாக அண்மைப் பதிப்புகள், மண்ணோடும் ஜல்லியோடும் சிமெண்டைக் கலந்து இறுக்கும் அடுக்குகளுக்கு வழி செய்திருக்கின்றன. நல்ல முறைதான், மலைகள் மிஞ்சும். ஆனால் மண்ணில் சல்பேட்டு மிகுந்திருந்தால், சிமெண்டும் சுண்ணாம்பும் அதனோடு கூடிப் பருத்து, இறுக்க வேண்டிய அடுக்கையே உடைத்துவிடும். இது புதிய கண்டுபிடிப்பன்று. பொறியாளர் அனைவரும் அறிந்த பாடம். உப்பு ஏறிய மண்ணில் சாலை போடுவது எப்படி என்று 34ஆம் எண்ணில் தனி ஏடே இருக்கிறது. கேள்வி இவ்வளவுதான்: தோல் வட்டாரத்தில் ஒரு சாலைக்கு மதிப்பீடு எழுதுமுன், அந்த மண்ணின் உப்பையும் சல்பேட்டையும் அளந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாய விதி மாநிலத்தின் கையேட்டில் இருக்க வேண்டாமா? தில்லிக்கு மேல்விஷாரம் தெரியாது. அது அதன் குற்றமன்று. நமக்குத் தெரியுமே!

வெயிலை விட்டுவிட்டேன். வேலூரை வெயிலூர் என்று அழைக்கும் நாம் வெயிலை மறக்கலாமா? நெடுங்காலம் இந்த நாட்டில் தாரின் தரத்தை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? நூறு கிராம் பாரத்தோடு ஓர் ஊசியைத் தாரின் மேல் ஐந்து நொடி வைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எந்த வெப்பத்தில்? 25 டிகிரியில்! சித்திரை வெயிலில் ஆர்க்காட்டுச் சாலையில் செருப்பில்லாமல் நடந்தவர் எவரேனும் அந்த விதியை எழுதியிருப்பாரா? 2006இல்தான் இந்தியத் தர நிறுவனம் அந்த முறையை விட்டு, 60 டிகிரியில் தாரின் இழுவையை அளந்து வகை பிரிக்கும் முறைக்கு வந்தது. கோடைகாலத்துச் சாலையின் மேற்பரப்பு அந்த வெப்பத்தைத் தொடும் என்பதே காரணம். நாட்டின் வெயிலை நாட்டின் விதி ஒப்புக்கொள்ளவே 2006 ஆயிற்று. ஊரின் உப்பை ஒப்புக்கொள்ள எந்த ஆண்டு ஆகும்?

மழையின் கதை வேறு விதம். ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் இடங்களில், நன்கு காக்கப்பட்ட மண்ணுக்கு நான்கு நாள் ஊறல் மிகக் கடுமையான சோதனை என்று 2012 பதிப்பு சலுகை காட்டியது. நம் வட்டாரத்து மழை அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. சலுகையைப் பெற்றுக்கொண்டு கனத்தைக் குறைக்கலாமா? கூடாது என்பேன். நம் மழை ஆண்டெல்லாம் தூறுகிற மழையன்று. வடகிழக்குக் காற்றில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது. 2021 நவம்பரில் பாலாறு பொங்கியதை மறந்துவிட்டீர்களா? தெருவோரக் கால்வாய் தூர்ந்து, நீர் நான்கு நாள் தேங்கி நிற்கும் இடத்தில் மண் உண்மையாகவே நான்கு நாள் ஊறத்தான் ஊறுகிறது. வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றுவது என்றால் எப்போதும் குறைப்பது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. அவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு வரி சலுகையை வைத்து ஒரு வீடு கட்டிவிடுவார்கள்!

நம் எதிரிகள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "மாநிலங்களுக்கு உரிமை கொடுத்தால் ஒப்பந்தக்காரருக்கு ஏற்றபடி கையேடு எழுதிக்கொள்வீர்கள். லாரி காசுமீரிலிருந்து குமரிக்கு ஓடுகிறது, ஒரே நாட்டுக்கு ஒரே விதிதான் வேண்டும்" என்பார்கள். முதல் பகுதியில் உண்மையின் நிழல் இருக்கிறது, மறைக்க வேண்டாம். இரண்டாம் பகுதியில் குழப்பம் இருக்கிறது. லாரி நாடு முழுதும் ஓடுவதால் லாரியின் பாரத்துக்கு ஒரே விதி வேண்டும், ஒப்புகிறேன். மண் ஓடுவதில்லையே! கல் கிடைக்காத வங்கச் சமவெளியில் சுட்ட செங்கல்லை உடைத்து ஜல்லியாக்கினார்கள். கேரளத்தார் தென்னை நாரைப் பாயாக்கிச் சாலைக்கு அடியில் விரித்தார்கள். சிற்றூர்ச் சாலைகளுக்கு அது ஏற்றது என்று தில்லி 2020இல் ஒப்பியது. அதனால் நாடு உடைந்துவிட்டதா?

நம் நாட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன். குப்பையில் கிடக்கும் நெகிழித் தாளைச் சிறு துண்டுகளாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவினார். அது உருகிக் கல்லின் மேல் போர்வையாகப் படிந்தது. அதன்மேல் தார் உறுதியாக ஒட்டியது. 2006இல் கல்லூரி காப்புரிமை பெற்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அந்தச் சாலைகள் போடப்பட்டன. 2013இல் அதே சாலைக் காங்கிரசு அதற்குத் தனி ஏடு வெளியிட்டது. 2015இல் மைய அரசு நெகிழிக் கழிவைச் சாலையில் பயன்படுத்துமாறு ஆணையிட்டது. 2018இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ. மதுரையின் அறிவு தில்லியின் ஏடாயிற்று! வடக்கே எழுதித் தெற்கே அனுப்புவது மட்டும்தான் விதியின் பாதை என்று எவரேனும் சொன்னால், வாசுதேவனின் பெயரைச் சொல்லுங்கள்.

நம்மவர் செய்ய வேண்டியதை நம்மவர் செய்தார்களா என்றும் கேட்டாக வேண்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தாரை ஊற்றி ஊற்றி, வீடுகள் பள்ளத்தில் இறங்கியதும், மழைநீர் வீட்டு வாசலில் நுழைந்ததும் நாமறிந்தவை. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் இறையன்பு ஆணையிட வேண்டியிருந்தது. பொறியியல் அறிந்த ஒருவருக்கு அது ஆணையாகச் சொல்லப்பட வேண்டிய செய்தியா? 1946 முதல் நமக்கென்று நெடுஞ்சாலைத் துறை இருக்கிறது. கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் வட்டாரத்துக்கு ஒன்று, காவிரிப் படுகைக் களிமண்ணுக்கு ஒன்று, தெற்கத்திக் கரிசலுக்கு ஒன்று என்று வட்டாரக் கையேடுகள் எழுத நமக்கு எந்தத் தில்லி தடை விதித்தது? நிதி கேட்கும் குரல் ஓங்க வேண்டுமானால், கையில் நம் மண்ணின் கணக்கு இருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் ஏட்டைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

தில்லியின் சொந்தச் சாலையும் இந்த வட்டாரத்தில் தலை குனிந்ததுண்டு. மதுரவாயல் முதல் வாலாஜாபேட்டை வரை நெடுஞ்சாலை கிடந்த கேட்டைக் கண்டு, 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கே சுங்கத்தில் பாதிதான் வசூலிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. நெடுஞ்சாலையில் செல்பவருக்காவது பாதிச் சுங்கம் என்ற ஆறுதல் கிடைத்தது. டேனரிச் சாலையில் செல்பவர் எதில் பாதியைத் திரும்பக் கேட்பது?

ஆகவே கிளைத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சுவரொட்டி ஒட்டுவதைக் காட்டிலும் எளிது. உங்கள் பகுதியில் சாலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டிருக்கிறதா? நிறைவேறிய சாலைகளின் ஓரத்தில் பலகை நடுகிறார்கள். நீளம் இருக்கிறது, தொகை இருக்கிறது, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது. மண்ணின் எண்ணை நான் பார்த்த பலகை எதிலும் காணவில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். இந்தச் சாலையின் மண் எந்த நாளில், எத்தனை இடத்தில் எடுக்கப்பட்டது? தாங்கு விகிதம் எவ்வளவு? லாரியின் அச்சு எடை போடப்பட்டதா, பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதா? உப்பும் சல்பேட்டும் சோதிக்கப்பட்டனவா? முப்பது நாளில் விடை தர வேண்டும். விடையில் ஐயம் வந்தால், மேல்விஷாரத்திலேயே 1998 முதல் அப்துல் ஹக்கீம் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இந்தச் சோதனை கட்டடப் பொறியியல் மாணவரின் பாடத்திலேயே உள்ளது. பேராசிரியர்களைப் பணிவோடு அணுகுங்கள். கட்சிக் கொடியை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். மண்ணுக்குக் கட்சி கிடையாது.

ஒப்பந்தப்புள்ளி திறக்குமுன் கேளுங்கள். தார் ஊற்றிய பிறகு கேட்பதானால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். வந்த விடையின் படியொன்றை ஐப்பசி பிறப்பதற்குள் நம் ஏட்டு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். எந்தத் தெரு, எந்த எண் என்று இதே பக்கத்தில் அச்சிடுவோம்.